ரிவர்ஸ் லைட்டும் எலியக்காவும்

"கரக்" என்று கியர் விழும் சத்தம் கேட்டது. பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கரத்துக்குப் பின்னால் குஞ்சுகளோடு படுத்திருந்த எலி பதறி எழுந்தது.

"கார்க்காரர் ரிவர்ஸ் எடுக்கிறாரு. சீக்கிரம் எரி தம்பி, என் பிள்ளைங்க அவர் கண்ணில் படட்டும்."

"எதை வச்சு எரியறது அக்கா? என் ஒயரை அறுத்துத்தானே மெத்தை போட்டே?" என்றது ரிவர்ஸ் லைட்.

மெத்தையில் கிடந்த ஒயர்த் துண்டைக் கவ்விக்கொண்டு எலி மேலே பாய்ந்தது; அறுந்த இடத்தில் வைத்து அழுத்தியது. பின்சுவரில் பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது.

"அட, இத்தனை நாளா எரியாத லைட் எரியுதே!" காரின் சொந்தக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடிவந்தார். ஒயரை முறுக்கி டேப் சுற்றினார்.

"பொழைச்சோம் அக்கா," என்றது லைட்.

"ஆமா தம்பி, இனி பின்பக்கமே வேண்டாம்," என்ற எலி, குஞ்சுகளை முன்சக்கரத்துக்கு முன்னால் கொண்டுபோய்ப் போட்டது. பிறகு மெத்தைக்காக ஹாரன் ஒயரைக் கடிக்கத் தொடங்கியது.