வளையத்துக்கு மூன்று சுற்று

"கண்ணியாம் கண்ணி! இது முட்டைக் கூடைக்கு வெட்டி வச்ச வயர், சேர். பாத்தா தெரியல்லையா?"

"றிப்னா, பேசாம இரி."

"நீங்க பேசாம இரிந்ததாலதான் ஜீப்புல ஏத்தி வச்சிரிக்காங்க!"

இரத்தோட்டையிலிருந்து மலைக்கு ஏறும் பாதையோரம், தன் வீட்டு வாசலில் நின்று றிப்னா கத்தினாள். அவள் கணவன் றிஸ்வான் வனஜீவராசி அதிகாரிகளின் ஜீப்பில், பின் சீட்டில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். வேலியோரம் அக்கம்பக்கத்து ஆட்கள் கூடிவிட்டார்கள்.

மூன்று நாளைக்கு முன் மேலே தேயிலைக்குள் ஒரு சிறுத்தை கண்ணியில் கழுத்து மாட்டிச் செத்துக் கிடந்தது. அது மோட்டார் சைக்கிள் கிளச் வயரில் கட்டிய கண்ணி. றிஸ்வான் வேலை செய்வது மோட்டார் சைக்கிள் கராஜில். வீட்டுப் பின்புறக் கொட்டிலில் அதே வயர், முனை கட்டாமல் வளைத்து வைத்த ஆறு துண்டுகள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"சிறுத்தை செத்த கேஸ், தங்கச்சி. உள்ள போனால் லேசில வெளியில வர ஏலாது" என்றார் அதிகாரி தர்மராஜா. யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போட்டுப் பேசாதவர்.

"கண்ணி வைக்க நாங்க என்ன பன்றி திங்கிற ஆக்களா சேர்?"

"திங்கிறதுக்கு எண்டு நான் சொன்னனானே? பன்றி தோட்டத்தைக் கிண்டினால் ஆரும் வைப்பினம்." அவர் கண் வீட்டோரத்து மரவள்ளிப் பாத்திகளுக்குப் போனது. பாதி கிளறிக் கிடந்தது.

"இவருக்குத் தோட்டம் எந்தப் பக்கம்னே தெரியாது சேர். காலைல கராஜுக்குப் போனா பொழுது பட்டு மஃரிபுக்குத்தான் வாறார். நட்டது, தண்ணி ஊத்தினது, பன்றிய வெரட்டினது எல்லாம் நான்தான்."

"அப்ப அந்த ஆறு துண்டு?"

"வயர் வேல சேர். போன்ல பாத்துப் பழகுறேன். மொதல்ல வளையம், பொறகு பூ, பொறகு முட்டைக் கூடை. புதுசா பழகுறவங்களுக்கு லேசுன்னுதான் போட்டிருந்தாங்க."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நஸ்மியா குரல் கொடுத்தாள். "நீ செஞ்ச கூடைய ஒரு நாளும் காணல்லையே!"

"ஒங்களுக்குக் காட்டிட்டுத்தான் செய்யணுமா?"

தர்மராஜா கொட்டிலில் எடுத்த வயர் துண்டுகளை அவள் பக்கம் நீட்டினார். "சரி, தங்கச்சி. என்ர கண்ணுக்கு முன்னால ஒண்டு செய்து காட்டுங்கோ. கூடை வந்தால் இவரை இறக்கிவிடுறன்."

"வேணாம் றிப்னா!" ஜீப்புக்குள்ளிருந்து றிஸ்வான் பதறினான். "ஒண்டும் செய்ய வேணாம். நான் கோட்டுல நீதவான்கிட்ட பேசிக்கிறேன்."

"நீங்க பேசி கிழிச்சது போதும்."

படியில் உட்கார்ந்தாள். வெறும் பால்மா டின் ஒன்றைக் கவிழ்த்து வலக் கையால் அமுக்கிப் பிடித்தாள். அதைச் சுற்றி வயரை வளைத்து, இடக் கையில் இருந்த பிளையரால் முனையை இழுத்து, மூன்று சுற்றுச் சுற்றி நெரித்தாள். ஒரு வளையம்.

கிளச் வயர் லேசில் படியவில்லை. இரண்டாவது வளையம் கையிலிருந்து நழுவி விரிந்து அவள் விரலைக் கிழித்தது. விரலைச் சூப்பிக்கொண்டே திரும்பவும் வளைத்தாள். டிரைவர் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணினார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் சேர்! அல்லாஹ்வுக்காக!"

தர்மராஜா கை காட்ட, இன்ஜின் நின்றது. வேலியோரம் நின்றவர்கள் எல்லாம் அவள் கையையே பார்த்தார்கள். றிஸ்வான் மட்டும் அவள் கையைப் பார்க்காமல், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

கீழே சின்ன வளையம், அதன் அடியில் குறுக்கே போய் மேலே பெரிய வளையத்துக்கு ஏறும் நாலு கால், ஒரு கைப்பிடி. ஒவ்வொரு முனைக்கும் மூன்று சுற்று. ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் கூடை கூடைதான்.

நஸ்மியாவே ஓடிப்போய் மூன்று முட்டை எடுத்து வந்து அதில் வைத்தாள். ஒன்றும் விழவில்லை. "மெய்தான் போல. நான்தான் வாய் வச்சிட்டேன்" என்றாள்.

"பாத்தீங்களா சேர்?" றிப்னாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "இப்ப இறக்கி விடுங்க."

தர்மராஜா முட்டைகளை நஸ்மியாவிடம் கொடுத்துவிட்டுக் கூடையைக் கையில் எடுத்தார். வெயிலுக்கு நேரே பிடித்து முனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஜீப்புக்குள் கைவிட்டு ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். சிறுத்தையின் கழுத்திலிருந்து வெட்டி எடுத்த கண்ணி அதற்குள் இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அங்கேயும் மூன்று சுற்று, இங்கேயும் மூன்று சுற்று. எல்லோரும் வலப்பக்கம் சுற்றுகிற முனை, இரண்டிலும் இடப்பக்கம் சுற்றியிருந்தது.

அவர் பார்வை றிப்னாவின் இடக் கைக்குப் போனது. பிளையர் இன்னும் அதில்தான் இருந்தது.

றிஸ்வான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தர்மராஜா ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்.

"சொன்னது சொன்னதுதான். றிஸ்வான், நீங்கள் இறங்குங்கோ. தங்கச்சி, நீங்கள் ஏறுங்கோ."

எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் ஜீப்பில் உட்கார்ந்திருந்தானே றிஸ்வான், அவன் செய்தது சரியா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள்.