எலும்புக்கூடு என்ன தின்னும்?

ஜூலை 15, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை செய்தேன். எலும்புக்கூடு ஒரு காட்டு விலங்கு என்று, நான் வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டக் குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

மழை விட்டதும் எல்லாரும் ஓடைப் பக்கம் கிளம்பினார்கள். அங்கே சிறுத்தைப்புலி நடமாட்டம் என்று எஸ்டேட் வாட்சர் இன்னாசிராஜ் அண்ணன் காலையில்தான் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்.

"ஓடையில புலி இருக்கு. போகக் கூடாது" என்றேன்.

"அதத்தான் பாரஸ்டுக்காரங்க கூண்டுல புடிச்சுட்டுப் போயிட்டாங்களே! போன்ல பாத்தோம்ல" என்றான் ஷிஜு.

"இது புலி இல்லடா. எலும்புக்கூடு."

ஏன் அந்தச் சொல் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அடுத்த கட்டடத்துப் பள்ளிக்கூட அறையில்தான் நான் பிளஸ் டூ மாலை வகுப்புக்குப் போகிறேன். அங்கே கண்ணாடி அலமாரியில் ஒன்று நிற்கிறது; ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும். அதனால் இருக்கலாம்.

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. தோல் கிடையாது, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. வெயில் காலத்தில் நடந்தால் கடகடவென்று கேட்கும். மழைக்காலத்தில் மூட்டெல்லாம் ஊறிவிடும், சத்தமே வராது. பன்றி மாதிரிக் கூட்டமாகத் திரியாது, ஒற்றையாகத்தான் வரும்.

"என்ன திங்கும்?" என்றான் ஷிஜு.

"நீங்க மிச்சம் வைக்கிற சோத்த."

"வயிறே இல்லயே. தின்னா கீழ விழுந்துராதா?"

"விழுந்துரும். அதான் எந்நேரமும் பசியோடயே அலையும்."

பிள்ளைகள் கிறீச்சிட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஐந்து வயது ஜிபி மட்டும் வாசலிலேயே நின்றாள்.

"அதுக்குக் குளிராதாக்கா?" என்று கேட்டாள். கண் நிறைந்திருந்தது. பயம் நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

சாயந்திரம் அவள் அம்மா புஷ்பமேரி அக்கா பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்தபோது ஜிபியைக் காணவில்லை. அவள் செருப்பும் இல்லை, சோற்று டப்பாவும் இல்லை.

"கக்கூஸ்ல பாத்தியாட்டி?"

"பாத்துட்டேன்க்கா."

"சிஞ்சுக்கா எலும்புக்கூடு வரும்னு சொன்னாங்க. ஜிபி அழுதா" என்றான் ஷிஜு.

புஷ்பமேரி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "படிக்கப் போற பிள்ள சொல்ற பேச்சாட்டி இது? பயந்து எங்கிட்டு ஓடுச்சோ!"

சொல்லிக்கொண்டே ஓடைக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். மூடுபனி இறங்கி, தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. இன்னாசிராஜ் அண்ணன் டார்ச் அடித்தபடி தகரத்தைத் தட்டிக்கொண்டே வந்தார்.

ஓடைக்கரை ஈரமண்ணில் சிறுத்தைப்புலியின் தடம் புதிதாகப் பதிந்திருந்தது. அக்கா பார்ப்பதற்குள் அண்ணன் அதைக் காலால் தேய்த்து அழித்தார். நான் பார்த்துவிட்டேன்.

கதவைச் சாத்திக் கொண்டி போட்டிருந்தாலே போதும். அது ஏன் அப்போது தோன்றவில்லை? அக்கா பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, நான் எலும்புக்கூட்டுக்குச் சேர்த்த ஒவ்வொரு அடையாளமும் நினைவுக்கு வந்தது. மூட்டு ஊறிவிடும் என்றுகூடச் சொன்னேனே!

மேலே பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் மத்தியாஸ் சாரின் குரல் கேட்டது. வகுப்பறையில் விளக்குப் போட வந்திருந்தார்.

"புள்ள இங்க இருக்கு! ஓடியாங்க!"

போய்ப் பார்த்தால் கண்ணாடி அலமாரி திறந்திருந்தது. எலும்புக்கூட்டின் இடுப்பைச் சுற்றி ஜிபியின் ஸ்வெட்டர் கட்டியிருந்தது. கால்விரல்கள் மேல் கஞ்சியும் பயறும் சிந்திக் கிடந்தன. ஜிபி அதன் கையை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

புஷ்பமேரி அக்கா அவளை அள்ளிக்கொண்டு அழுதாள். ஜிபி என்னை முறைத்தாள்.

"இத எதுக்குக்கா கூண்டுல போட்டீங்க? பாவம். யாரையும் கடிக்கலயே."

அவள் பயந்து ஓடவே இல்லை. அவள் முன்னால் உட்கார்ந்தேன். இந்த முறை யோசித்து, பாடப்புத்தகத்தில் இருப்பதை மட்டும் சொன்னேன்.

"அக்கா சொன்னது பொய்டா. அது மிருகமே இல்ல. எல்லாருக்குள்ளயும் ஒண்ணு இருக்கு. எனக்குள்ள, அம்மாவுக்குள்ள, உனக்குள்ள."

ஜிபி முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விலாவை அமுக்கிப் பார்த்தாள்.

"உள்ளயேதான் இருக்குமா?"

"ஆமா."

"எப்பவும்?"

"எப்பவும்."

மத்தியாஸ் சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிழையைச் சரியாகத் திருத்திவிட்டேன் என்று மூச்சு விட்டேன்.

புஷ்பமேரி அக்கா ஜிபியை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். ஸ்வெட்டரைக் கொடுக்கப் பின்னாலேயே போனேன். ஜிபி தன் நெஞ்சைத் தடவிக்கொண்டே, குனிந்து, அதனோடு ரகசியம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அழாத. நாளைக்கு உன்னத் தொறந்து விட்டுர்றேன்."

நாளைய வேலை: பிள்ளைகள் வருவதற்கு முன்னால், காப்பகத்துக் கத்தரிக்கோல்களை எல்லாம் மேல் தட்டுக்கு மாற்ற வேண்டும்.