இழுத்துப் பார்

“கையும் களவுமா பிடிச்சிட்டேன் சார்! என் ஜாயிண்ட்டை எல்லாம் அறுத்து அறுத்துப் போடுறான் இவன்!”

முதலாளியின் மேசையில் குப்பைக் கூடையையே கவிழ்த்துவிட்டார் கரண்ட் அண்ணன். வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் அந்த ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் அவர் கரண்ட் அண்ணன்தான். நிஜப் பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது.

விழுந்தவை விரல் நீள ஒயர் துண்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கனெக்டர், அதன்மேல் சூடு காட்டிச் சுருக்கிய கறுப்பு பிளாஸ்டிக் ஸ்லீவ். ஒரு கருகல் கிடையாது, வழவழவென்று இருந்தன.

“எதுக்குடா அறுத்தே?” என்றார் முதலாளி.

நெட்டையன் தரையைப் பார்த்தான். அண்ணனுக்குப் பக்கத்து மேசைக்காரன். சேர்ந்த நாளிலிருந்து அண்ணே அண்ணே என்று குழைகிறவன்.

“வாயைத் திறந்து சொல்லேன்டா.”

கரண்ட் அண்ணன் முந்திக்கொண்டார்.

“அவன் எப்படி சார் சொல்லுவான்? பொறாமை! நான் சாப்பிடப் போற நேரமாப் பார்த்து என் ஜாயிண்ட்டை அறுத்துட்டு, இவன் ஜாயிண்ட்டைப் போடுறான். நாளைக்கு எல்லாம் நான் பண்ணதுதான்னு உங்ககிட்ட வந்து நிப்பான். எனக்கே பாடம் எடுக்க, கனெக்டரை நசுக்குற ராட்செட் பிளையர் ஒண்ணு புதுசா வாங்கி என் மேசையில வெச்சான். முழுசா அமுக்கினாத்தான் அது வாயையே திறக்குமாம். எனக்கெதுக்கு அது? தூக்கி எறிஞ்சேன். அட, டீ வாங்கிட்டு வந்தாக்கூட எல்லாருக்கும் முழு கிளாஸ், எனக்கு மட்டும் அரை கிளாஸ் சார்!”

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

“ஒருத்தன் வேலையை ஒருத்தன் கெடுத்தா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். நீ கிளம்புப்பா. நாளையிலேருந்து வராதே.”

நெட்டையன் பையை எடுத்துக்கொண்டான். வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

“அண்ணே, வெளிய நிக்கிற அந்த ஆம்புலன்ஸை அனுப்புறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் ஒரு தடவை இழுத்துப் பாத்துடுங்க.”

“எனக்கேவா? போடா!”

“என்னைத் திட்டுங்கண்ணே, பரவாயில்ல. இழுத்து மட்டும் பாத்துடுங்க.”

கரண்ட் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் நோயாளிக்கு மூச்சு கொடுக்கிற மிஷினுக்குப் போகும் ஒயர்களை எலி கடித்திருந்தது. மெல்லிய ஒயருக்குச் சிவப்பு கனெக்டர், தடித்ததற்கு மஞ்சள், இதற்கு நீலம். கண்ணை மூடிக்கொண்டே எடுப்பார். ஸ்லீவை முதலிலேயே ஒயரில் கோத்துவிட வேண்டும். இரண்டு முனையையும் இணைத்த பிறகு ஞாபகம் வந்தால் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தப்பு அவரிடம் நடந்ததே இல்லை.

ஒயர் பிடித்து நிற்கக் கனெக்டரைப் பிளையரால் நசுக்கும்போதுதான் வலது கை மக்கர் செய்தது. போன வருடம் ஒரு காலையில் மரத்துப்போன கை. பாதிதான் திரும்பி வந்தது; நிறைந்த கிளாஸைத் தூக்கினால் சிந்தும். சட்டைப் பட்டன் போட்டுவிடும் மனைவியைத் தவிர யாரிடமும் அவர் சொல்லவில்லை. தெரிந்தால் அன்றோடு வேலை போச்சு. இந்த வயதில் வேறு எவன் சேர்த்துக்கொள்வான்?

‘கை எப்படி இருந்தா என்ன? இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்திருக்கா?’ அதுதான் அவருடைய தைரியம்.

பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். ஸ்லீவை மேலே தள்ளிச் சூடு காட்டினார். அது சுருங்கி ஒயரைக் கவ்விக்கொண்டது. எல்லா ஒயரும் முடிந்ததும் ஸ்விட்சைப் போட்டார். மிஷின் ஓடியது.

“அண்ணே, ஒரு பெரிய கேஸ் காத்திட்டிருக்கு. மிஷின்லயே வெச்சுத்தான் கொண்டு போகணுமாம்” என்று பறந்தார் டிரைவர். “எடுக்கலாமா?”

“தாராளமா எடுங்க. என் ஜாயிண்ட்டு!”

கையைத் துடைத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார். கொட்டியதை அள்ள வேண்டுமே. முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு துண்டை எடுத்தார். “இழுத்துப் பாக்கணுமாம்ல...” என்று முணுமுணுத்துக்கொண்டே இழுத்தார்.

ஒயர் கையோடு வந்துவிட்டது.

இன்னொன்றை எடுத்தார். அதுவும் வந்தது. அடுத்ததும் வந்தது. பலமில்லாத அந்தக் கைக்கே எல்லாம் உருவிக்கொண்டு வந்தன. ஸ்லீவ் மட்டும் வழவழவென்று அப்படியே இருந்தது.

ஒரு கம்ப்ளெயின்ட்கூட ஏன் வரவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. டீ ஏன் அரை கிளாஸ் என்பதும் தெரிந்தது.

முதலாளி இன்னும் திரும்பவில்லை. துண்டுகளை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டால் போதும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

வெளியே சைரன் அலறியது.

துண்டுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கேட்டைத் தாண்டி, நடுத்தெருவில், செருப்பு ஒரு பக்கம் போக ஓடினார்.

“நிறுத்துங்க! அந்த மிஷினை நம்பி யாரையும் ஏத்தாதீங்க! வண்டி குலுங்கினா அதுல ஒரு ஜாயிண்ட்டும் நிக்காது! என் கை போயி ஒரு வருஷம் ஆச்சு! அவன் பண்ணதுதான் நின்னுது... என்னோடது எதுவும் நிக்காது!”

சைரன் சத்தத்தில் டிரைவருக்கு அது கேட்கவில்லை. பின்னாலேயே ஓடிவந்து, கையில் போனோடு நின்ற முதலாளிக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.