கேட்காத லீவு

"கேக்காமயே ஒருத்தனுக்கு லீவு குடுக்கிறாங்கன்னா என்ன அர்த்தம்? நீயே சொல்லு."

மனைவி திறந்த அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய துணிகளெல்லாம் ஒரே அளவில் மடிக்கப்பட்டு, செங்கல் அடுக்கியதுபோல் இருந்தன.

"இதை யாரு இப்படி அடுக்கினது?"

"நான்தான். நீ மடிச்சது கோணலா இருந்துச்சு. பேச்சை மாத்தாதே. என்னை வேலைய விட்டுத் தூக்கப்போறாங்களா?"

"வருஷம் பூரா மாடா உழைச்சீங்க. கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்னு நெனச்சிருப்பாங்க. போய்ப் படுங்க."

அவர் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துவாலைகளும் அங்கே வந்துதான் வெளுத்து, காய்ந்து, மடிபட்டுத் திரும்பும். இந்த வருஷம் புதிதாக இரண்டு ஹோட்டல்கள் சேர்ந்துகொள்ள, வேலை கழுத்தை நெரித்தது. முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனார். அந்த நீராவிக்குள் ஆள் முகம் தெரியாது என்பதால் கழுத்தில் எப்போதும் ஒரு விசில். ஊதினால் அத்தனை பேரும் திரும்புவார்கள். வேன் கிளம்புமுன் ஒவ்வொரு விரிப்பையும் தானே பிரித்துப் பார்ப்பார். ஓரம் ஒரு விரல் அளவு விலகியிருந்தாலும் மறுபடி மடிக்கவேண்டியதுதான்.

அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு, "ஒரு வாரம் இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்க" என்றார் முதலாளியம்மா. அதுவும் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புதான் அவரைக் குடைந்தது.

முதலிரண்டு நாள் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. மகள் குளிக்கப் போய் வெகுநேரம் ஆனதும், பழக்கதோஷத்தில் கதவுக்கு வெளியே நின்று விசிலை ஊதிவிட்டார்.

"அப்பா! கண்ணெல்லாம் சோப்பு! இது உங்க பட்டறை இல்ல, வீடு!"

அதன்பிறகு விசில் காணாமல் போனது. யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். சர்க்கரை டப்பாவை மட்டும் மனைவி கைக்கெட்டாத உயரத்தில் தூக்கி வைத்திருந்தாள்.

விசில் போன மறுநாள் மதியம், ஜன்னலோரம் வெறுந்தரையில் படுத்தவர் தூங்கிப்போனார். விழித்தபோது திரைச்சீலை காற்றில் உப்பி, எங்கோ கிளம்பப்போகும் கப்பலின் பாய்போல இருந்தது. தான் யார், இது எந்த ஊர், என்ன கிழமை, ஒன்றும் பிடிபடவில்லை. பயமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சுகமாக இருந்தது. அந்தச் சுகம் அவரை இன்னும் குழப்பியது.

"நல்லாத் தூங்கினீங்களா?" என்றாள் மனைவி.

"தூங்கினேன். அதான் பயமா இருக்கு. நான் இங்க தூங்கிட்டிருக்கேன், அங்க என் நாற்காலியில எவனோ உக்காந்திருப்பான்."

லீவு முடிந்த அன்று காலை, சர்க்கரை ஒட்டிய விசிலைக் கழுவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினார். ஒன்று, அழுக்குத் துணி மலையாகக் குவிந்து கிடக்கும். இல்லையென்றால், புது சூப்பர்வைசர் ஒருவன் நிற்பான். இரண்டில் ஒன்றுக்கு மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

இரண்டுமே இல்லை.

நீராவிக்குள் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். மிஷின்காரர் சுத்தமாகச் சவரம் செய்திருந்தார். போன வாரம்வரை கண்ணுக்குக் கீழே கரி அப்பினாற்போல் இருந்த மடிப்புக்கார அக்கா, இப்போது பத்து வயசு குறைந்து நின்றாள்.

"வாங்கண்ணே! என்ன, கன்னமெல்லாம் சதை வெச்சிருக்கு?"

"அது இருக்கட்டும். என் எடத்துல யாரு இருந்தா?"

"யாருமில்லண்ணே. உங்க நாற்காலியை யாரும் தொடக்கூட இல்ல."

"வேன்?"

"நேரத்துக்குப் போச்சு."

"ஹோட்டல்ல இருந்து புகார்?"

"ஒண்ணுகூட வரலையே!" என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அடுக்கிலிருந்து ஒரு விரிப்பை உருவினார். ஓரம் ஒரு விரல் அளவு விலகியிருந்தது. கை தானாக விசிலுக்குப் போனது. பாட்டு நின்றது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஏனோ ஊத மனம் வரவில்லை. விரிப்பை அப்படியே திருப்பி வைத்தார்.

"எல்லாரும் ஊருக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீங்களே. நீங்களும் லீவு போட்டீங்களா?"

"இல்லண்ணே. ஒருத்தர்கூடப் போடல."

சொல்லிவிட்டு அவள் மிஷின்காரரைப் பார்க்க, அவர் அவசரமாகக் குனிந்து இல்லாத திருகாணியைத் தேடினார்.

சூப்பர்வைசர் நேரே முதலாளியம்மா அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"அம்மா, மறைக்காம சொல்லுங்க. எனக்குச் சீட்டுக் கிழிச்சாச்சா?"

"அட, நீங்க வேற! உங்களை மாதிரி ஆளு எங்க கிடைப்பாங்க? உக்காருங்க, டீ சொல்றேன்."

"டீ வேணாம்மா. நான் கேக்கவே இல்லையே, அப்புறம் எதுக்கு எனக்கு லீவு?"

முதலாளியம்மா கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே பார்த்தார். பாட்டு மறுபடி ஆரம்பித்திருந்தது.

"நீங்க கேக்கலதான். கீழ இருக்கிறவங்க அத்தனை பேரும் ஒண்ணா வந்து, 'இந்த வருஷம் உடம்பு தாங்கல, ஒரு வாரம் லீவு குடுங்க'ன்னு நின்னாங்க. எல்லாரையும் அனுப்பிட்டா மிஷினை யாரு ஓட்டுறது? அதான், அவங்க அத்தனை பேருக்கும் பதிலா உங்க ஒருத்தரை அனுப்பி வெச்சேன்."