சுவருக்குள் போன குழாய்

ஹாலிஃபாக்ஸ் ஊரின் மேட்டுத் தெருவில், கடைசி வீட்டில் வீட்டைச் சூடாக்கும் புது பாய்லர் பொருத்திப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அதைப் பொருத்திய மெக்கானிக் காலின் மூன்றாவது முறையாக வந்திருந்தான். தினமும் பாய்லரின் நீரழுத்தம் ஒன்றரை பாரிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கி, வீடு ஜில்லிட்டுப் போய்விடுகிறது.

"மூணு போர்வைக்குள்ள கிடக்கேன் கண்ணு. நல்லாத்தான் மாட்டுனியா?" என்றாள், அங்கே தனியாக வாழும் க்ளெனிஸ்.

"இன்னைக்குக் கண்டுபிடிக்காம போகமாட்டேம்மா."

தண்ணீர் கசிகிறதா என்று வீடு முழுக்கத் தேடினான்; எங்கும் ஒரு சொட்டு ஈரமில்லை. அறைகளைச் சூடாக்கும் எட்டு ரேடியேட்டர்களையும் ஒவ்வொன்றாக அடைத்தான். அப்போதும் பாய்லரின் அழுத்தமானி முள் இறங்கிக்கொண்டே இருந்தது. எட்டும் ஆறிய பிறகு, மாடியில் ஒரு குழாய் மட்டும் சுட்டது. அதைத் தடவிக்கொண்டே போனான். அது நடைக்கோடியில் சுவருக்குள் நுழைந்தது.

"இதுக்குப் பின்னால என்ன ரூம்மா?"

"ரூமா? அது வெளிச்சுவர்ப்பா. அதுக்கப்புறம் வீடே இல்லை."

காலின் தெருவுக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தான். வெறும் செங்கல்தான். கீழே பனி மூடிய புல்.

க்ளெனிஸைச் சமையலறையில் முள்ளைப் பார்க்கச் சொல்லிவிட்டு மாடிக்கு வந்தான். அந்தக் குழாயின் வால்வை இறுக்கி அடைத்தான்.

"நின்னுடுச்சு கண்ணு! முள்ளு அசையவே இல்ல!" என்று கீழேயிருந்து க்ளெனிஸ் குதூகலமாகக் கத்தினாள்.

குழாய் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்கள். காலடிச் சத்தம் அவனை நோக்கி வந்தது.