முதல் வாங்கில் ஒரு போன்

விரிவுரையாளர் இராசதுரை வரவு இடாப்பை வாசிக்கும்போதும் அவர் கண் முன்வரிசையில், முதல் வாங்கில்தான் இருந்தது. டிலக்சன் தன் போனைத் தண்ணிப் போத்தலில் சாய்த்து, அவரைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

"மேனுகா?"

"வரல்ல சேர்," என்றாள் கம்சாயினி. "அவட அப்பா விழுந்ததுக்குப் பிறகு திங்களும் செவ்வாயும் உன்னிச்சையில தேத்தண்ணிக் கடை அவதான் பாக்கிறா."

"கடையா கம்பஸா எண்டு முடிவெடுக்கச் சொல்லும். இன்னும் ரெண்டு நாள் வராட்டி சோதினை எழுத ஏலாது."

பாடம் தொடங்கியது. ஐந்தே நிமிடத்தில் டிலக்சன் கையில் தலைவைத்துத் தூங்கிப்போனான். போன் மட்டும் விழித்திருந்தது.

போன மாதம்தான் இன்னொரு விரிவுரையாளரின் பேச்சுக்கு யாரோ பாட்டுப் போட்டு டிக்டொக்கில் விட்டிருந்தார்கள். ஊரே சிரித்தது. அடுத்தது நான்தான் என்று இராசதுரைக்குத் தோன்றியது.

நித்திரை கொள்கிறவனுக்கு முதல் வாங்கு எதற்கு? அதுவும் திங்களும் செவ்வாயும் மட்டும்? போன கிழமை அவன் கொப்பியைப் பார்த்தார். ஒரு வரி விடாமல் எழுதியிருந்தது. அது இன்னும் இடித்தது.

இன்றைக்குக் கையும் மெய்யுமாகப் பிடித்தால் டீனிடம் கொடுத்துவிடலாம். பிறகு அவனுக்குக் கம்பஸ் வாசல் இல்லை.

பாதி வசனத்தில் நிறுத்திவிட்டு மெல்ல இறங்கி நடந்தார்.

"விடுங்க சேர்," பின்னாலிருந்து மின்ஹாஜ் கத்தினான். "ராவெல்லாம் பனிச்சங்கேணி ஆத்துல இறால் புடிச்சவன். இப்ப கனவுல புடிக்கிறான்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டிலக்சன் அசையவில்லை. இராசதுரை போனைப் பறித்தார்.

கமெரா ஓடவில்லை. ஒரு அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு நிமிடம். பெயர், மேனுகா.

"ஓ, கதை இப்பிடிப் போகுதா?" வாய்க்குள் முணுமுணுத்தபடி காதில் வைத்தார்.

கிளாஸ்கள் முட்டும் சத்தம். "பிள்ள, ரெண்டு பிளேன்டீ," யாரோ ஒருவர். "இந்தா வாறன் மாமா," என்று ஒரு பெண் குரல். பிறகு அதே குரல் போனுக்குக் கிட்ட வந்தது.

"டேய், எழும்புடா! சேர் ஏன் நிப்பாட்டிட்டார்? நான் எழுதுற ரெண்டு பேர்ட கொப்பியும் பாதியில நிக்குது."