ஒன்பது செக்கன்

"இன்ஷாப் நானா, அந்த ஒன்பது செக்கன் கதையச் சொல்லுங்கோ" என்று வானொலிக்காரி சுஜாந்தி மைக்கை நீட்டினாள்.

'ஓராமீன் கண்ணழகி' பாட்டுக்கு இப்போது நாற்பது வயது. இன்றும் அது இல்லாமல் ஒரு கல்யாணம் களைகட்டுவதில்லை. நடுவில் டிரம் சட்டென்று நிற்கும். ஆடுகிறவர்கள் தூக்கிய கையும் காலுமாக அப்படியே நிற்பார்கள். ஒன்பது செக்கன் கழித்து டிரம் மறுபடி முழங்கும்போது சின்னது பெரிது பார்க்காமல் எல்லாரும் கூத்தடிப்பார்கள்.

அந்த டிரம்மை அடித்தவர் இன்ஷாப்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பள்ளிவாசல்துறைக் கல்யாணப் பந்தலில், அசர் தொழுகைக்குச் சற்று முன், அதற்கு அழைக்கும் பாங்கு கேட்டதென்று நினைத்து டிரம்காரப் பொடியன் கையை நிறுத்தினான். பாடிய உடப்புக் கதிரவேலுவும் வாயை மூடினார். பெண்கள் அவசரமாக முக்காட்டை இழுத்தார்கள். பாங்கு இல்லை, வெறும் கடற்காற்று என்று தெரிந்ததும் பொடியன் மறுபடி அடித்தான். கசெட்டில் அது அப்படியே பதிந்து, நாடெல்லாம் ஓடியது.

பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் அந்தப் பொடியனுக்குத் தன் மகள் ஸுலைஹாவைக் கட்டிக்கொடுத்தார். பாங்குக்கு அப்படிப் பயந்த பிள்ளையை யார்தான் விடுவார்கள் என்று ஊர் மெச்சியது.

அதுதான் இன்ஷாபின் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

அடுத்த வாரம் ஹஜ் பயணம். போகுமுன் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஊரில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிவிட்டார். மோதினார் மாமாவிடம் மட்டும் கேட்க வழியில்லை. அவர் மௌத்தாகிப் பதினொரு வருடம்.

பக்கத்தில் ஸுலைஹா தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தாள்.

இன்ஷாப் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார். அன்று அவர் காதில் எதுவும் விழவில்லை. பெண்கள் பக்கத்துத் திரையைக் காற்றுத் தூக்கியது. ஸுலைஹா தெரிந்தாள். கை தானாக நின்றுவிட்டது. பாட்டு முடிந்ததும் ஏன் நிறுத்தினாய் என்று கதிரவேலு கேட்டபோது வாயில் வந்தது அந்தப் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் மாமா மகளைத் தந்தார். மறுமையில் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

சுஜாந்தி ஸுலைஹாவைப் பார்த்தாள்.

ஸுலைஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பாங்கு சொல்ற ஆள் மேடைக்கு முன்னால கதிரையில இரிக்கக்குள்ள, எங்க இரிந்து பாங்கு கேக்கும்? ஒங்கட கண்ணு போன பக்கம் வாப்பாவும் திரும்பிப் பாத்தாங்க. வீட்டுக்கு வந்ததும் எனக்கிட்டக் கேட்டாங்க, டிரம் அடிச்ச பொடியன ஒனக்குப் புடிச்சிரிக்கா மகள் எண்டு."